வரைபடம் விட்டுவைத்த வெள்ளை இடம்

கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. ஏரிக்கு மதகுத் தூணில் எழுத்து இருக்கும். ஜமீனுக்குச் சன்னது இருக்கும். ஒரு தெருவுக்கு என்ன ஆவணம் இருக்கிறது? திருத்தணிக்கு மேற்கே, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் இருக்கும் நெசவூரான அம்மையார்குப்பத்தின் தெருக்களையும் பொதுவிடங்களையும் மதிப்பிட முனைந்தபோது இந்தக் கேள்விதான் முதலில் குறுக்கே வந்தது.

தெருவின் தன்மையை மதிப்பிடுவதற்குப் பழகிய படிவங்கள் இருக்கின்றன. வீட்டின் வயது, முகப்பு, உயரம், கூரை, தெருவின் அகலம், மரங்கள், நீர்நிலை என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு போகலாம். திருத்தணிக்கு அந்தப் படிவம் எளிதில் நிரம்பும். 365 படிகள் ஏறும் முருகன் மலை, அடிவாரத்துக் குளம், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபராஜிதவர்ம பல்லவன் காலத்தில் எழுந்த வீரட்டானேசுவரர் கோயில் எல்லாம் அங்கே இருக்கின்றன. பக்கத்து வேளஞ்சேரியில் 1977இல் அபராஜிதனின் செப்பேடும் முதல் பராந்தக சோழனின் செப்பேடும் கிடைத்தன. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டி நேர்க்கோட்டில் நிற்கும் நெசவாளர் வீட்டு வரிசைக்கு முன்னால் அதே படிவம் ஏறக்குறைய வெறுமையாக நிற்கிறது. பெயர் சொல்லும்படியான கட்டடம் இல்லை. எழுதப்பட்ட கல் இல்லை. இந்தத் தெரு ஏன் நேராக இருக்கிறது, ஏன் இவ்வளவு நீளம், ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்கும் கட்டமே படிவத்தில் இல்லை. அந்த மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு ஆவணங்களுக்குள் நுழைந்தேன்.

முதலில் கல்வெட்டுகள். தொண்டை மண்டலத்தில் நெசவாளரைப் பற்றிக் கல்லும் செம்பும் நிறையவே பேசுகின்றன. 10ஆம் நூற்றாண்டின் உத்தம சோழன் செப்பேடு, இன்று சென்னை அருங்காட்சியகத்துச் செப்பேடு என்று அறியப்படுவது, காஞ்சிபுரத்தில் பட்டசாலியர் என்ற நெசவாளர் வாழ்ந்த நான்கு குடியிருப்புகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: கருவுளான்பாடி, கம்சகப்பாடி, அதிமானப்பாடி, எற்றுவழிச்சேரி. சோழர் கல்வெட்டுகளில் தறியிறை, அதாவது தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கிய வரி, திரும்பத் திரும்ப வருகிறது. நெசவாளர் பலர் திருமடைவிளாகத்தில், அதாவது கோயிலைச் சுற்றியிருந்த குடியிருப்பில், வாழ்ந்ததையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இவற்றைப் படிக்கும்போது ஒரு செய்தி புலப்பட்டது. கல்வெட்டு தறியை எண்ணுகிறது, குடியிருப்புக்குப் பெயர் சொல்கிறது. தெருவின் வடிவத்தைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. வரி விழுவது தறியின்மேல், தெருவின்மேல் விழவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கல்வெட்டு தெருவுக்குள் எட்டிப் பார்க்கிறது. விஜயநகர ஆட்சிக் காலத்தில் நெசவாளரான கைக்கோளர்கள் பல்லக்கில் செல்லவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றார்கள். காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருந்த இந்த உரிமையை மற்ற ஊர்க் கைக்கோளரும் பெற்றதைக் கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. பல்லக்கு என்ற உரிமையை வீட்டுக்குள் உட்கார்ந்து அனுபவிக்க முடியாது. அதற்குத் தெரு வேண்டும், பார்ப்பதற்கு இருபுறமும் ஆட்கள் வேண்டும், சங்கொலி கேட்பதற்குத் திண்ணைகள் வேண்டும். மூன்று கேள்விகளில் அகலத்துக்கான முதல் தடயமாக இதைக் குறித்துவைத்தேன். காஞ்சிபுரத்துச் செய்தியை அம்மையார்குப்பத்தின்மேல் அப்படியே ஏற்ற முடியாது என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன்.

அடுத்து 19ஆம் நூற்றாண்டு. இங்கே தேடுகிறவர் முதலில் தடுமாறுவது பெயரில். இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி கார்வேட்டிநகரம் ஜமீனுக்குள் இருந்தது. ஆனால் கும்பினிக் காலத்து ஆங்கிலக் குறிப்புகளில் கார்வேட்டிநகரம் என்று தேடினால் பல இடங்களில் அகப்படாது. பாளையக்காரரின் பெயரான பொம்மராஜு என்பதையே பாளையத்தின் பெயராக்கி, ‘பொம்ராஜ்’ என்று அவர்கள் எழுதினார்கள். இரண்டாவது தடுமாற்றம் மாவட்டம். 1911க்கு முன் இது வட ஆற்காடு மாவட்டம். அப்போது அதன் தலைமையிடம் வேலூர் அல்ல, சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது, திருத்தணிப் பகுதி அதற்குள் போனது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போனது. 1960 ஏப்ரல் 1இல் மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டமானது. தெரு இருந்த இடத்திலேயே இருக்க, அதன் காகிதங்கள் மட்டும் ஊர் ஊராகப் பயணம் செய்திருக்கின்றன.

குடியானவர் அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டிய ரயத்துவாரி ஊர்களில் ஒவ்வொரு வயலையும் அளந்து எண் போட்ட கணக்குகள் 19ஆம் நூற்றாண்டிலேயே உருவாகிவிட்டன. ஜமீன் ஊர்களில் அரசுக்கு வேண்டியது ஜமீன்தார் கட்டும் மொத்தப் பேஷ்குஷ் தொகை மட்டும். ஒவ்வொரு குடியின் நிலத்தையும் அளக்க அதற்குக் கட்டாயம் இருக்கவில்லை. ஆர்தர் காக்ஸ் 1881இல் எழுதி, ஹெரால்ட் ஸ்டூவர்ட் 1890களில் திருத்தி விரித்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் ஜமீன்களின் வரலாறும் சாதிகளும் தொழில்களும் கிடைக்கின்றன. ஒரு சிற்றூரின் தெரு கிடைக்காது.

மொத்தர்பா கணக்குகளில் ஏதாவது அகப்படுமா என்று பார்த்தேன். மொத்தர்பா என்பது தறி, செக்கு, கடை, வீடு, கைத்தொழில் ஆகியவற்றின்மேல் விழுந்த வரி. நெசவாளருக்கு அது பெரும் சுமை. சென்னை சுதேசிச் சங்கம் 1852இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இந்த வரிக்கு எதிராக முறையிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், வருமான வரி வந்ததை ஒட்டி, மொத்தர்பா ஒழிந்தது. நெசவாளருக்கு அது விடுதலை. ஆனால் ஆவணம் தேடுகிறவருக்கு அந்த வரி நின்ற இடத்தில் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. அதற்குப் பின் தறியை எண்ண வேண்டிய தேவை வருவாய்த் துறைக்கு இல்லை. தறி கணக்கிலிருந்து மறைகிறது, தறியோடு அது நின்ற வீடும் மறைகிறது.

இந்த இடத்தில் ஆவணத்தை மூடிவைத்துவிட்டு ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போனேன். கைத்தறிக் காலத்தைக் கண்டவர். பாவு ஓடிய தெரு என்பதால்தானே இவ்வளவு அகலம் என்று கேட்டேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். குறுக்கே போவது ஊடை. அவர் யோசிக்காமல் மறுத்தார்.

“பாவுக்கு அகலம் எதுக்கு சார்? ரெண்டு முழம் இருந்தா போதும். நீளந்தான் வேணும். தெரு கோணலா இருந்தா ஒரு பக்கம் நூல் தொங்கும், ஒரு பக்கம் அறுந்துடும்.”

“நேரத்துக்கு ஏதாவது கணக்கு உண்டுங்களா ஐயா?”

“விடியறதுக்கு முன்னாடியே இழுத்துக் கட்டிடணும். வெயில் ஏறிடுச்சுன்னா கஞ்சி சீக்கிரம் காஞ்சு நூல் மொரமொரன்னு ஆயிடும். காத்தடிச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.”

ஆவணங்கள் கொடுக்காத அளவுகோலை அவர் கொடுத்துவிட்டார். பாவு ஆற்றுதல் என்பது, நூலைத் தெருவில் நீட்டி, கத்தரிபோல் விரித்த மூங்கில் கால்களின்மேல் தாங்கி, அரிசிக் கஞ்சி தடவி, நாரால் ஆன பெரிய பிரஷ்ஷால் நீவி உலர்த்தும் வேலை. 6 கெஜச் சேலை மூன்றுக்கு ஒரே பாவு என்று வைத்துக்கொண்டால் 18 கெஜம், அதாவது சுமார் 16 மீட்டர் நேர்க்கோடு தேவை. நான்கைந்து வீட்டு முகப்பைத் தாண்டும் நீளம் அது. ஆகவே ஒரு வீட்டின் பாவு அந்த வீட்டின் வாசலோடு நிற்காது. அடுத்த வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்தால்தான் வேலை நடக்கும். எதிர் வரிசைக்காரரும் அன்றே பாவு போட்டால் இரண்டு பாவுக்கும் இடமும் நடுவில் ஆள் நடக்க வழியும் வேண்டும். நேர்க்கோட்டுக்கும் நீளத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. அகலத்துக்குப் பாதி விடைதான் கிடைத்தது.

பெரியவர் சொன்ன வெயில் கணக்கிலிருந்து ஒரு சோதனையை அமைக்க முடியும். தென்வடலாக ஓடும் தெருவில் காலையில் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் தெருவில் விழும். கஞ்சி மெல்ல உலரும். கிழமேல் தெருவில் இளவெயில் தெருவின் நீளத்துக்கும் பாயும். பாவு ஒன்றே தெருவைத் தீர்மானித்திருந்தால் நெசவூர்த் தெருக்கள் பெரும்பாலும் தென்வடலாக இருந்திருக்க வேண்டும். அப்படி எங்கும் சீராக இல்லை. 1800இல் காஞ்சிபுரம் வழியாகப் போன பிரான்சிஸ் புக்கானன் அங்கே தெருக்கள் ஓரளவு அகலமாகவும் சுத்தமாகவும் இருந்தன, செங்குத்தாக வெட்டிக்கொண்டன, இருபுறமும் தென்னை வரிசை நின்றது என்று எழுதியிருக்கிறார். வீட்டு நிழல் கிடைக்காத திசையில் மர நிழல் ஈடுகட்டியிருக்கலாம். இந்த எண்ணம் எனக்கு உற்சாகம் தந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் புக்கானன் தென்னையையும் பாவையும் சேர்த்துச் சொல்லவில்லை. தென்னையின் நிழல் மெல்லியது, காய்க்காகவே நட்டிருக்க முடியும். இதை வலுக்குறைந்த சான்றாகவே வைத்திருக்கிறேன்.

சேலம் பக்கத்தில் இதே வேலைக்குத் தனியிடமே உண்டு. பாவடி என்பார்கள். பாவு ஆற்றுவதற்கென்று ஊர்ப்பொதுவாக விட்ட திடல் அது. கைக்கோளர் என்றும் அழைக்கப்படும் சேலம் செங்குந்தர்களை ஆராய்ந்து மானிடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ் 1984இல் வெளியிட்ட நூல் பாவடியைப் பற்றிப் பேசுகிறது. காலையில் வேலைக்களமாக இருந்த நிலமே ஊர்க்கூட்டம் கூடும் இடமாகவும் இருந்திருக்கிறது. பாவடித் தெரு என்ற பெயர் அந்தப் பக்கத்தில் இன்றும் வழக்கில் இருக்கிறது. பாவடி இல்லாத ஊரில் தெருவே பாவடி என்று கொண்டால், திருவிழாவும் கூட்டமும் கூத்தும் பாவும் ஒரே நிலத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும். விடியலில் நூல், பகலில் வண்டி, மாலையில் திண்ணைப் பேச்சு, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் புறப்படும் காவடி. அகலத்துக்கான மீதிப் பாதி விடை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்: ஊர்வலம், வண்டி, எதிரெதிர்ப் பாவு மூன்றும் சேர்ந்து கேட்ட அகலம் அது.

அரசின் அளவைக் கணக்குக்குத் திரும்பினேன். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் ஊர்களை ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்தது. அதன் வழியே வந்த அளவையில் தெருவுக்கு முதன்முதலாக ஓர் எண் கிடைக்கிறது. வகைப்பாடு: புறம்போக்கு. யாருக்கும் பட்டா இல்லாத, தீர்வை விதிக்கப்படாத நிலம். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொதுத் தெருக்களையும் பாதைகளையும் அரசின் சொத்து என்று முன்பே அறிவித்திருந்தது. குடியிருப்புப் பகுதியோ கிராம நத்தம். புலப்படங்களில் வயலின் ஒவ்வொரு மூலைக்கும் அளவு இருக்கும். நத்தத்துக்கு வெளிக்கோடு மட்டும் இருக்கும், உள்ளே வெறும் வெள்ளை. வீட்டுக்கு வீடு அளந்து நத்தத்தை உட்பிரிவு செய்தது வெகுகாலம் கழித்துத்தான். ஊரிலேயே நெருக்கமாக வாழ்ந்த இடம், அதிகம் உழைத்த இடம், வரைபடத்தில் எதுவுமே எழுதப்படாத இடமாக இருக்கிறது. நெசவாளர் தெருவைத் தேடிப் போனவருக்குக் கிடைப்பது அந்த வெள்ளைதான்.

பொதுத் தெரு என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1905இலேயே சட்டம் பொது என்று சொல்லியிருந்தும், பொதுத் தெருவிலும் கிணற்றிலும் எந்தச் சாதியாரும் தடையின்றிப் புழங்கலாம் என்று அறிவிக்க 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தனியே ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. இதைத் தெருவின் தன்மையிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. சோழர் கல்வெட்டுகள் பறைத்தறி என்று ஒரு வகையைத் தனியே வரிக்குக் குறிக்கின்றன. பறையர் மக்களும் தறி வைத்து நெய்தார்கள், வரியும் கட்டினார்கள். அந்தத் தறிகள் நின்ற தெரு எது, அந்தப் பாவு எங்கே நீட்டப்பட்டது என்பது மதிப்பீட்டுக்குள் வராவிட்டால் நாம் பாதி ஊரைத்தான் மதிப்பிடுகிறோம். தெருவில் யார் நடக்க முடிந்தது, யார் சுற்றிப் போக வேண்டியிருந்தது என்பதும் அகலத்தைப்போல் பதிய வேண்டிய ஓர் அளவு.

சென்னை, ஆந்திர மாநிலங்களின் எல்லைத் தகராற்றின் காகிதங்களிலும் இதே மாதிரி ஓர் இடைவெளி இருக்கிறது. திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்க ம.பொ.சி. நடத்திய போராட்டத்தின் தொடர்ச்சியாக எச்.வி. படாஸ்கர் எல்லையைப் பிரித்துக் கொடுத்தபோது, கிராமத்தை ஓர் அலகாகக் கொண்டு பெரும்பான்மை மொழி, நிலத் தொடர்ச்சி ஆகியவற்றைப் பார்த்தார். 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தில் ஊர்ப் பெயர்கள் பட்டியலாக இருக்கின்றன. கிராமத்தை அலகாகக் கொண்டால் கிராமத்துக்குள் ஒரு தெரு தமிழும் அடுத்த தெரு தெலுங்கும் பேசுவது கணக்கில் தெரியாது. எல்லை வகுக்க வேறு வழி இருந்திருக்காது. தெருவின் தன்மையைத் தேடுகிறவருக்கு மட்டும் அது இழப்பு.

வீட்டையும் தொழிலையும் சேர்த்துப் பார்க்கும் ஆவணம் ஒன்றை 1961இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கண்டேன். இப்பகுதி சென்னை மாநிலத்துக்கு மாறியபின் நடந்த முதல் கணக்கெடுப்பு அது. அந்தக் கணக்கெடுப்பு வீட்டுத்தொழில் என்று ஒரு தனி வகுப்பை வைத்தது. வீட்டுப் பட்டியலில் குடியிருப்பாகவும் தொழிற்கூடமாகவும் ஒருசேரப் பயன்படும் வீடு என்று ஒரு வகையும் இருந்தது. மொத்தர்பா ஒழிந்தபோது கணக்கிலிருந்து மறைந்த நெசவு வீடு நூறு ஆண்டு கழித்து வேறொரு கதவு வழியாகத் திரும்பி வருகிறது. குழித்தறி முன்கூடத்தில், வெளிச்சம் தெருவாசலிலிருந்து, நெய்கிறவர் கண் தெருவில் என்ற அந்த வீட்டின் அமைப்பை அந்த ஒரு வகைப்பாடு நெருங்கித் தொடுகிறது. ஆனால் அதன் எண்ணிக்கையும் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு வெளியே நடந்த பாதி வேலையை அதுவும் எண்ணவில்லை.

அந்தப் பாதி இப்போது தெருவில் இல்லை. விசைத்தறி வந்தபின் கஞ்சி போடும் வேலை சைசிங் மில்லுக்குப் போய்விட்டது. பாவு பீமில் சுற்றி வருகிறது. தறியின் சத்தம் தெருவை நிறைக்கிறது, நெய்கிறவர் சுவருக்குப் பின்னால் இருக்கிறார். நீளமும் நேர்க்கோடும் வேலையிழந்து நிற்க, அந்த இடத்தை இருசக்கர வாகனங்களும் சிமென்ட் சாலையும் எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் தெரு உயர்ந்து திண்ணை தாழும். புதைந்த வாசற்படிகளை எண்ணினாலே அந்தத் தெருவின்மேல் எத்தனை அடுக்கு விழுந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். திண்ணை தரைமட்டத்துக்கு வந்தால் மழைநீர் முன்கூடத்துக்குள் வருகிறது, வீட்டுக்காரர் திண்ணையை இடித்துச் சுவர் எழுப்புகிறார். தெருவின் முகம் மாறுவதற்குக் காரணம் ரசனைக் குறைவு என்று சொல்வது அநியாயம். காரணம் பெரும்பாலும் தண்ணீர்.

1915ஐ ஒட்டிச் சென்னை மாகாண ஊர்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதிய பேட்ரிக் கெடஸ், இடித்து அகலப்படுத்தும் திட்டங்களுக்கு எதிராக, இருக்கும் தெருவைப் புரிந்துகொண்டு வேண்டிய இடத்தில் மட்டும் கைவைக்கச் சொன்னார். நினைவுச்சின்னங்கள், தலங்களுக்கான சர்வதேசக் குழுவின் (ICOMOS) 1987ஆம் ஆண்டு வாஷிங்டன் சாசனம், வரலாற்று ஊர்களில் காக்க வேண்டியவற்றுள் மனைகளும் தெருக்களும் அமைந்த முறையோடு, காலப்போக்கில் ஊர் ஏற்றுக்கொண்ட பணிகளையும் சேர்த்தது. அந்த வரியைத்தான் அம்மையார்குப்பத்துக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். முகப்பை மட்டும் பார்த்தால் இங்கே காக்க அதிகமில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். பணியைப் பார்த்தால் தெருவின் நீளமே சான்றுப்பொருள். நடுவில் ஒரு மேடையோ தொட்டியோ கட்டி அந்த நேர்க்கோட்டை உடைப்பது, கல்வெட்டின் நடுவில் ஆணி அடிப்பதற்குச் சமம்.

இன்னும் திறக்க வேண்டிய ஆவணம் ஒன்று இருக்கிறது, அது எந்தக் காப்பகத்திலும் முழுதாக இல்லை. வீடுகளின் பெட்டிகளில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் நான்கெல்லை விவரம், பழைய வழக்கில் சக்குபந்தி, எழுதப்பட்டிருக்கும். தென்வடல் தெருவுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு வடக்கு, பொதுச் சந்துக்குத் தெற்கு என்ற வாய்பாட்டில் வரும். ஒரு பத்திரம் நான்கு பக்கத்தை மட்டும் சொல்லும். அடுத்தடுத்த வீடுகளின் பத்திரங்களை வரிசையாக வைத்தால், அளவையாளர் வெள்ளையாக விட்ட நத்தத்துக்குள் தெருவும் சந்தும் கிணறும் பொதுச்சுவரும் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். 1960க்கு முந்தையவற்றில் சில தெலுங்கில் இருக்கலாம்; இரு மொழியும் படிக்கத் தெரிந்தவர் உடன் வேண்டும். வீட்டுக்காரர் பெயரை மறைத்து, எல்லை வரிகளை மட்டும் படியெடுக்கும் முறை ஒன்றைத் தயாரித்திருக்கிறேன். பத்திரத்தை யாரும் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம், திண்ணையிலேயே வைத்துப் படிக்கலாம். ஒரு வரிசையின் வடகோடி வீட்டில் தொடங்கித் தெற்கு நோக்கிப் போக வேண்டும் என்பது திட்டம்.